சினை மீனை இப்படித் தின்றால் கடலில் மீன் எப்படி மிஞ்சும்?

வட்டவளை மீன்வண்டி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வட்டவளை, ரொசல்ல பக்கத்துத் தோட்டங்களில் முச்சக்கர வண்டியில் மீன் விற்கிறேன். விடியுமுன் ஹட்டனுக்கு நீர்கொழும்பு லொறி வந்துவிடும், அதில்தான் எடுப்பேன். சில நாள் திருகோணமலை மீனும் வரும்.

இந்த மாதம் சம்பளம் போட்ட மறுநாள் ஒரு லயத்து வாசலில் சூரை வெட்டிக்கொண்டிருந்தேன். வயிற்றைக் கீறினால் இரண்டு பக்கமும் சினை. விரல் தடிப்பில், மேலே சிவப்பு நரம்பு ஓடிக்கொண்டு. வாங்க நின்ற அம்மா ஒருவர் கேட்டார்: "ஏன் தம்பி, ஒரு மீனுக்குள்ளேயே இத்தனை ஆயிரம் குஞ்சு இருக்கு. இதைத் தினமும் வெட்டித் தின்னா கடலில் அப்புறம் என்ன மிஞ்சும்?" பக்கத்தில் நின்ற பெரியவர் விடவில்லை. "கடல் என்ன நம்ம தோட்டத்துக் குளமா? நீர்கொழும்பில் குறைஞ்சா திருகோணமலையிலிருந்து வரும், அங்கே குறைஞ்சா இந்தியாவிலிருந்து வரும்" என்றார்.

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருப்பதாகவே பட்டது. ஆனால் எது சரி என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. மீன் விற்றுத்தான் என் வீட்டில் உலை கொதிக்கிறது, இது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். முட்டையிலிருந்து வரும் குஞ்சு பிறந்த இடத்திலேயே வளருமா, நீரோடு எங்கேயாவது போய்விடுமா? ஒரு கரையில் பிடித்துத் தீர்த்தால் இன்னொரு கரை மீன் வந்து நிரப்புமா? ஒரு வருஷம் நெத்தலி கொட்டிக் கிடக்கிறது, மறு வருஷம் கண்ணில் படுவதே இல்லை. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


டிக்கோயா சமையல்கட்டு எழுதியது:

நல்ல கேள்வி அண்ணே. இதோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேட்கிறேன். எங்கள் அம்மா காலத்தில் மாதக் கடைசியில் கையில் காசில்லாத போதுகூட சுறாக் கருவாடு வாங்கிக் குழம்பு வைத்தார்கள். இப்போது அது நெத்தலியை விட எட்டாத உயரத்தில் நிற்கிறது. நெத்தலி வருஷத்துக்கு வருஷம் கூடிக் குறைகிறது, சரி. சுறா ஏன் ஒரேயடியாகக் குறைந்துகொண்டே போகிறது?


கொட்டகலை டீச்சர் எழுதியது:

அண்ணே, தங்கச்சி, இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நான் தலவாக்கலைப் பக்கத் தோட்டத்தில் பிறந்து, வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தவள். இப்போது கொட்டகலையில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறேன். கடல் கரையோரத்து ஆட்களுக்குத்தான், நமக்கென்ன என்று என் பிள்ளைகள் நினைப்பதுண்டு. மலையில் நிற்கும் ஒரு மீன் வண்டியிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

முதலில் அந்த அம்மாவின் கணக்கு. சூரை ஒரு தடவை முட்டை விட்டால் இலட்சக்கணக்கில் விடும். அது அத்தனையும் பிழைக்கப் பிறந்தது இல்லை. ஒரு ஆணும் ஒரு பெண்ணும் தங்கள் ஆயுள் முழுக்க விடும் முட்டைகளில் சராசரியாக இரண்டு பிழைத்துப் பெரிதானாலே கூட்டம் குறையாது. மற்றதெல்லாம் முட்டையிலேயோ, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத குஞ்சாக மிதக்கும்போதோ அழிந்துவிடும். அதனால் சினையில் எத்தனை முட்டை என்று எண்ணிப் பயப்பட வேண்டாம். முட்டை விட்ட பிறகு அந்தச் சில வாரங்களில் கடலில் என்ன நடக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பெரும்பாலான கடல் மீன்கள் முட்டையை நீரில் விட்டுவிட்டுப் போய்விடும். பொரித்து வரும் குஞ்சு சில மில்லிமீட்டர் நீளம், உடம்பு கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும், வயிற்றில் ஒரு மஞ்சள்கருப் பை, அதுதான் கட்டுச்சோறு. அந்த மஞ்சள்கரு தீர்வதற்குள் அது தன் வாய்க்கு அடங்கும் நுண்ணுயிரைக் கண்டுபிடித்துத் தின்ன வேண்டும். சில நாள் தவணைதான். அந்த நாட்களில், அந்த இடத்தில் தீனி இருந்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் முழுத் தலைமுறையும் போகும். நோர்வேக்காரர் ஜோஹன் யோர்ட் 1914இலேயே இதைச் சொன்னார். அங்கே 1904இல் பிறந்த ஹெரிங் மீன் கூட்டம் அத்தனை பெரிதாகப் பிழைத்ததால், பல வருஷம் வலையில் விழுந்தவற்றில் பெரும்பகுதி அந்த ஒரே வருஷத்துப் பிள்ளைகளாக இருந்தன. முன்னும் பின்னும் வந்த வருஷங்களில் முட்டைக்கா பஞ்சம்? குஞ்சுகளுக்கு வாய்ப்பு அமையவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் நெத்தலிக் கேள்விக்கு இதுவே பாதிப் பதில். நெத்தலிக்கு ஆயுள் குறைவு. பழைய வருஷத்துப் பெரிய மீன் கூட்டம் என்று கையிருப்பு எதுவும் கிடையாது. இந்த வருஷக் குஞ்சு பிழைக்காவிட்டால் அடுத்த வருஷம் உங்கள் பெட்டி காலி. நம் தென்கரையில் தென்மேற்குப் பருவக்காற்று மேல் நீரைத் தள்ளும்போது, அடியிலிருந்து குளிர்ந்த சத்துள்ள நீர் மேலே ஏறி வரும். அதில் நுண்பாசி பெருகும், அதைத் தின்னும் பூச்சி பெருகும், குஞ்சுக்குத் தீனி கிடைக்கும். அது ஒரு வருஷம் போல மறு வருஷம் நடப்பதில்லை.

அடுத்தது, குஞ்சு எங்கே போகிறது? பெரியவர் சொன்னதைத்தான் நீண்ட காலம் விஞ்ஞானிகளும் நம்பினார்கள். குஞ்சு நீரோட்டத்தோடு போகும், கடல் எல்லாம் ஒன்றுதான் என்று. இதைச் சோதித்துப் பார்த்த விதத்தை நான் வகுப்பில் ஒவ்வொரு வருஷமும் சொல்வேன், இங்கேயும் சொல்லாமல் விட மனசில்லை.

மீன் தலைக்குள், மூளைக்குப் பக்கத்தில், செவிக்கல் என்று வெள்ளைக் கற்கள் உண்டு, அவற்றில் இரண்டு பெரியவை. உங்கள் பெட்டியில் கத்தாளை இருந்தால் அதன் தலையை அவித்து உடைத்துப் பாருங்கள், நகக்கண் அளவுக்கு வழுவழுவென்று வரும். குஞ்சாக இருக்கும்போது அந்தக் கல்லில் நாளுக்கு ஒரு வளையம் விழும். ஆஸ்திரேலியாவின் லிசார்ட் தீவில், பவளப்பாறையில் முட்டையிடும் ஒரு சின்ன மீனின் முட்டைகளை டெட்ராசைக்கிளின் கலந்த நீரில் நனைத்தார்கள். தோட்டத்து டிஸ்பென்சரியிலும் பழக்கமான மருந்துதான் அது. அது செவிக்கல்லில் ஒளிரும் அடையாளமாகப் பதிந்துவிடும். இப்படி 1 கோடிக்கும் மேற்பட்ட முட்டைகளை அடையாளமிட்டார்கள். பிறகு அந்தத் தீவுக்கு வந்து சேர்ந்த குஞ்சுகளில் 5,000 அளவில் பிடித்துக் கல்லை எடுத்துப் பார்த்தபோது 15இல் அடையாளம் இருந்தது.

15தானே என்று நினைக்காதீர்கள். அந்தத் தீவில் விழுந்த முட்டைகளில் அவர்களால் அடையாளமிட முடிந்தது நூற்றுக்கு 2க்கும் குறைவு. அப்படிக் கணக்குப் போட்டால், வந்து சேர்ந்த குஞ்சுகளில் நூற்றுக்கு 15 முதல் 60 வரை அந்தத் தீவிலேயே பிறந்தவை. இது வெளிவந்தது 1999இல். 2007இல் பப்புவா நியூகினியின் கிம்பே தீவில் வேறு முறையில் பார்த்தபோதும், கோமாளி மீன் குஞ்சுகளில் ஏறக்குறைய 60 சதவீதம் பிறந்த பாறைக்கே திரும்பியிருந்தன. அந்தத் தீவு அரை மணிநேரத்தில் சுற்றி வந்துவிடக்கூடிய துண்டு நிலம். அத்தனை சின்ன இடத்துக்குத் திரும்பி வருகிறது!

குஞ்சு வெறும் தூசி இல்லை, அதுதான் காரணம். கொஞ்சம் வளர்ந்ததும் மேலும் கீழும் நகரும். மேல் நீர் ஒரு பக்கமும் அடி நீர் இன்னொரு பக்கமும் ஓடும்போது, எந்த ஆழத்தில் நிற்பது என்பதே பாதையைத் தீர்மானிக்கும். கடைசிக் கட்டத்தில் நன்றாகவே நீந்தும். பவளப்பாறையில் இறால்கள் கொடுக்கைச் சொடுக்கும் சத்தம் இடைவிடாமல் படபடக்கும், அந்தச் சத்தத்தையும் பாறையின் வாடையையும் வைத்துக் கரை தேடும்.

ஆனால் எல்லா இனமும் ஒரே மாதிரி இல்லை. கோமாளி மீன் குஞ்சு மிதப்பது ஒன்றரை வாரம் அளவில். பல பாறை மீன்கள் ஒரு மாதம் அளவில். சிங்கி இறால் குஞ்சு மாதக்கணக்கில் திறந்த கடலில் அலையும். எத்தனை நாள் மிதக்கிறதோ அத்தனைக்கு வேறு கரை போய்ச் சேரும் வாய்ப்பும் கூடும். நம் தீவைச் சுற்றி நீரோட்டம் வேறு வருஷத்துக்கு இரண்டு தடவை திசை மாறுகிறது. தென்மேற்குப் பருவத்தில் தென்கரையைத் தாண்டிக் கிழக்கே ஓடும். வடகீழ்ப் பருவத்தில் கிழக்குக் கரையோடு தெற்கே இறங்கி, மேற்கே திரும்பும். ஆக ஜூனில் விட்ட முட்டைக்கு ஒரு வழி, டிசம்பரில் விட்டதற்கு இன்னொரு வழி.

எனவே அண்ணே, பெரியவரிடம் இப்படிச் சொல்லுங்கள். வேறு கரையிலிருந்தும் வரும், அது உண்மை. ஆனால் ஒரு கரையின் நாளைய மீனில் பெரும் பங்கு அந்தக் கரையின் தாய் மீன்களே விட்டதாக இருக்கலாம். உள்ளூர்த் தாய்களைப் பிடித்துத் தீர்த்துவிட்டு, அடுத்த ஊர்க் குஞ்சு வந்து நிரப்பும் என்று காத்திருந்தால் அது பாதிக் கிணறு தாண்டுகிற கதைதான்.

தங்கச்சி, சுறா. சுறாவுக்கு இந்த மிதக்கும் பருவமே கிடையாது. பல சுறாக்கள் உருவான குட்டியையே ஈனும், அதுவும் எண்ணிச் சொல்லும் அளவில். முதல் ஈற்றுக்கே பல வருஷம் ஆகும். சாட்டை மாதிரி நீண்ட வால் கொண்ட சுறாக்கள் இருக்கின்றனவே, அவற்றில் ஒரு ஈற்றுக்கு இரண்டு குட்டிதான் வழக்கம். இலங்கையில் அவற்றைப் பிடிக்க 2012இலிருந்து தடை இருக்கிறது. நெத்தலிக்கு ஒரு நல்ல வருஷம் கிடைத்தால் போதும், குஞ்சு வெள்ளம் மாதிரி வரும். சுறாவுக்கு அப்படி ஒரு நல்ல வருஷம் என்று எதுவும் இல்லை. உங்கள் அம்மாவின் குழம்புச் சட்டியில் முதலில் தெரிந்தது அந்த வித்தியாசம்தான்.


வாழைச்சேனையான் எழுதியது:

அக்கா சொன்னதில் ஒன்றைச் சேர்க்கலாம். நாங்கள் களப்பை, அதாவது முகத்துவாரம் வழியாகக் கடலோடு சேரும் உப்பேரியை, நம்பிப் பிழைக்கிற ஆட்கள். இறால் முட்டை விடுவது வெளிக்கடலில். ஆனால் குஞ்சு வளர்வது களப்புக்குள். இரண்டு மூன்று கிழமை கடலில் மிதந்து உருவம் மாறி மாறி, ஒரு சென்ரிமீற்றர் அளவு வந்ததும் முகத்துவாரத்துக்கு வந்து நிற்கும். கடல் நீர் ஏறும்போது மேல் நீருக்கு வந்து உள்ளே போகும், வற்று நீரில் அடியோடு ஒட்டிக்கொண்டு வெளியே அடித்துப்போகாமல் இருக்கும். இரவில் டோர்ச் அடித்தால் கண்கள் சிவப்புச் சிவப்பாக மினுங்குவதைப் பார்க்கலாம். உள்ளே கண்டல் மர வேருக்குள்ளும் சாதாழைச் செடிக்குள்ளும் சில மாதம் வளர்ந்து, பிறகு முட்டை விடக் கடலுக்குத் திரும்பும்.

மட்டக்களப்பில் வெயில் காலத்தில் மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைபடும், மாரியில் வெட்டி விடுவார்கள். எப்போது திறந்திருக்கிறது என்பதில் அந்த வருஷத்து இறால் இருக்கிறது. கண்டலை வெட்டினாலும் இதே கதை. கடலில் தாய் இறால் எத்தனை இருந்தும் பிரயோசனம் இல்லை, குஞ்சு தங்க இடம் வேண்டும். கொசுவலைத் துணியால் களப்பை அரிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். ஒரு வாளிக்குள் அடுத்த வருஷத்துச் சந்தையே கிடக்கும்.

கொடுவாவும் அப்படித்தான், முகத்துவாரத்தை ஒட்டி முட்டை விட்டு, குஞ்சு களப்புக்குள் வரும். மீன் வண்டி அண்ணனுக்கு ஒரு விஷயம்: கொடுவா முதலில் ஆணாக இருந்து பிறகுதான் பெண்ணாக மாறும். பெரிய கொடுவா பெரும்பாலும் தாய்தான்.


நாவலப்பிட்டி பென்சன்காரர் எழுதியது:

ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இளமையில் மகாவலி ஆற்றில் ராத்திரி தூண்டில் போட்டு விலாங்கு பிடித்திருக்கிறோம். கை நழுவும் என்று அடுப்புச் சாம்பலை அள்ளித் தேய்த்துக்கொண்டுதான் பிடிப்போம், அப்போதும் ஒரு சுழற்றுச் சுழற்றி மணிக்கட்டைச் சுற்றிக்கொள்ளும். இப்போது ஆற்றில் அதைக் காண்பதே இல்லை. ஒரு விஷயம் அன்றிலிருந்து மனசில் கிடக்கிறது. எத்தனை பெரிய விலாங்கை வெட்டினாலும் வயிற்றில் ஒரு தடவைகூட சினை பார்த்ததில்லை. டீச்சருக்குக் காரணம் தெரியுமா?


கொட்டகலை டீச்சர் எழுதியது:

ஐயா, நீங்கள் கவனித்தது இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் பெரிய பெரிய ஆட்களைத் திணறடித்த விஷயம். விலாங்கில் முட்டையே காணாததால், அது மண்ணிலிருந்து தானாகத் தோன்றுகிறது என்று அரிஸ்டாட்டில் எழுதினார்.

விலாங்கு ஆற்றில் வளரும், ஆனால் ஆற்றில் முட்டை விடாது. பல வருஷம் நம் ஆறுகளில் தின்று கொழுத்து, கடலுக்கு இறங்கும் சமயத்தில்தான் சினை முதிரத் தொடங்கும். ஆழ்கடலுக்குப் போய் ஒரே ஒரு தடவை முட்டை விட்டு அங்கேயே செத்துப்போகும். ஐரோப்பிய விலாங்கின் ஈற்றிடத்தைத் தேடி டென்மார்க்கின் ஜோஹன்னஸ் ஷ்மிட் வருஷக்கணக்காக அட்லாண்டிக்கில் வலை இழுத்தார். பிடிபடும் குஞ்சு எந்தத் திசையில் சிறிதாகிக்கொண்டே போகிறது என்று பார்த்துப் பார்த்து, 1922இல் சர்காசோ கடல் என்று எழுதினார். ஜப்பான் விலாங்கின் முட்டை கடலில் கிடைத்தது 2009இல்தான், மரியானா தீவுகளுக்கு மேற்கே. நம் விலாங்குகளின் பிறப்பிடம் இந்தியப் பெருங்கடல். குஞ்சு தட்டையான கண்ணாடி இலையாக மாதக்கணக்கில் மிதந்து, கரையை நெருங்கியதும் உருண்டு நூல் மாதிரி ஆகி, ஆற்று வாயைப் பிடித்து மேலே ஏறும். ஈரப் பாறையில் வயிற்றை ஒட்டி நெளிந்து அருவியையே ஏறும்.

நாவலப்பிட்டியில் நீங்கள் பிடித்த விலாங்கு கொட்டியாரக் குடா வழியாக உள்ளே வந்து மகாவலியில் எதிர்நீச்சல் போட்டு வந்தது. பொல்கொல்லை அணைக்கட்டு 1976இல் வந்தது. விக்டோரியா 1985இல், 122 மீட்டர் உயரம். அதற்குக் கீழே ரந்தெனிகலை, ரந்தம்பை. நூல் அளவு குஞ்சு ஈரப் பாறை ஏறும், நீர் வழியாத சிமெந்துச் சுவரில் என்ன செய்யும்? மேலே ஏற்கெனவே இருந்த விலாங்குகள் இறங்க வேண்டுமென்றால் மின்சாரச் சுழலி வழியாகத்தான் பெரும்பாலும் போக வேண்டும். அந்த மின்சாரத்தில்தான் நம் வீட்டு லைட்டும் எரிகிறது, அணை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் குஞ்சு ஏற ஒரு ஓரத்தில் ஈரமான கரடுமுரடான சாய்வுப் பாதை அமைப்பது வேறு நாடுகளில் வழக்கமான வேலை. நாமும் கேட்க வேண்டும்.


வட்டவளை மீன்வண்டி எழுதியது:

டீச்சர், ஐயா, வாழைச்சேனைத் தம்பி, எல்லோருக்கும் பெரிய நன்றி. இதை அந்த அம்மாவுக்கு அப்படியே வாசித்துக் காட்டப்போகிறேன். ஆனால் என் கையில் என்ன இருக்கிறது என்று யோசிக்கிறேன். நான் வாங்காவிட்டால் லொறியில் வந்த மீன் வேறு ஒருவரிடம் போகும். நுவரெலியாவில் ஒரு ஹோட்டலுக்கு எப்போதாவது சிங்கி இறால் எடுத்துக் கொடுப்பேன். வயிற்றுக்கடியில் ஆரஞ்சு முட்டை அப்பியபடி வந்தால் அதற்குத்தான் முதலில் கை நீட்டுவார்கள். அதை என்ன செய்யலாம்?


கொட்டகலை டீச்சர் எழுதியது:

அதை எடுக்காதீர்கள் அண்ணே. முட்டை சுமக்கும் சிங்கி இறாலைப் பிடிப்பதும் விற்பதும் இங்கே சட்டப்படி குற்றம். காரணமும் நியாயமானது. சூரை நீரில் விட்டுவிட்டுப் போகிறது, இது பொரிக்கும் வரை வயிற்றில் வைத்துக் காக்கிறது. பிடிக்கும்போதே கண்ணுக்குத் தெரிவதால் அங்கேயே உயிரோடு கடலில் விட்டுவிடலாம். வேறு மீனில் அந்த வசதி இல்லை. லொறிக்காரரிடம் "முட்டை போட்டது வேண்டாம், அனுப்பினால் எடுக்க மாட்டேன்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். வாங்குகிறவர் சொன்னால்தான் அந்தப் பேச்சு கரைக்குப் போகும்.

சினைச் சூரை, சினை நெத்தலி விற்பதற்கு மனசைப் போட்டு உழப்ப வேண்டாம். நான் கவலைப்படுவது வேறு: ஒரு தடவைகூட முட்டை விடாத பொடி மீனை மலிவு என்று அள்ளுவதும், பெரிய பாறை மீன்களைத் தேடித் தேடிப் பிடிப்பதும். 4 கிலோத் தாய் ஒன்று விடும் முட்டை, 2 கிலோத் தாய் இரண்டு சேர்ந்து விடுவதை விட அதிகம். ஆஸ்திரேலியாவின் கெப்பல் தீவுகளில் பாறைப் பரப்பில் கால்வாசிக்குச் சற்று அதிகமான இடத்தில் மீன்பிடியை நிறுத்தி, குஞ்சுகளின் மரபணுவைத் தாய் தந்தையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அந்தச் சுற்றுவட்டாரத்துப் பாறைகளுக்கு வந்து சேர்ந்த குஞ்சுகளில் ஏறக்குறையப் பாதி, அந்தக் கால்வாசி இடத்துப் பெரிய மீன்களின் பிள்ளைகள். வெளியே மீன் பிடித்தவர்களுக்கும் அதில் பங்கு கிடைத்தது. 2012இல் வந்த ஆய்வு இது.

நம் ஊரிலும் இப்படிப் பார்க்கலாம். 1998இல் கடல் சூடாகி ஹிக்கடுவையிலும் கற்பிட்டியின் பார் ரீஃபிலும் பவளம் பெருமளவு செத்தது, திருகோணமலையில் புறாத்தீவுப் பவளம் தப்பியது. பார் ரீஃபின் மேல்பாறைகளில் யாரும் நடாமலேயே அடுத்த பத்து வருஷத்துக்குள் பவளம் மறுபடி படர்ந்தது. மிதந்து வந்த பவளக் குஞ்சுகள் ஒட்டி வளர்ந்ததுதான். எங்கோ தாய்கள் பிழைத்திருந்ததால் அது நடந்தது. 2016இல் மறுபடி சூடு வந்து அதையும் தாக்கியது. தப்பிய இடங்களைக் காப்பதில் எனக்கு இருக்கும் பிடிவாதத்துக்கு இதுதான் காரணம்.

இன்னொரு உதவி கேட்கிறேன். கத்தாளைத் தலை மிஞ்சினால் எனக்கு எடுத்து வையுங்கள், காசு தருகிறேன். பிள்ளைகள் படத்தில்தான் செவிக்கல்லைப் பார்க்கிறார்கள்.


வட்டவளை மீன்வண்டி எழுதியது:

காசெல்லாம் வேண்டாம் டீச்சர். கத்தாளை வருகிற அன்று தலைகளை ஐஸில் போட்டு கொட்டகலைக்கு நானே கொண்டுவருகிறேன், எந்த நாள் வகுப்பு என்று மட்டும் சொல்லுங்கள். லொறிக்காரரிடம் சிங்கி இறால் பற்றி இன்று காலையே சொல்லிவிட்டேன். "ஹோட்டல்காரன் கேட்பானே" என்றார். ஹோட்டலுக்கு நான் பேசிக்கொள்கிறேன், முட்டை இல்லாததை மட்டும் அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.